அவிழ்த்துவிட முடியாத அமானிதம்



பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறியாத வீடு நம்மிடையே இல்லை. மதரஸாவின் முதல் வகுப்புகளிலேயே பிள்ளைகள் அதைக் கேட்டுவிடுகிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக அது பதிவாகியுள்ளது. அந்தப் பெண்ணின் குற்றம் அங்கே இரண்டு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவள் தானும் அதற்கு உணவளிக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரியும் சிற்றுயிர்களைத் தேடித் தின்னும்படி அதை விட்டுவிடவும் இல்லை. அப்படியானால் நம் பொறுப்பில் வந்த பூனையின் விஷயத்தில் நமக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, நாம் உணவளிப்பது. மற்றது, அது தானே உணவு தேடிக்கொள்ள வழிவிடுவது.

இந்த இரண்டாவது வழி அடைபட்டுப்போன ஒரு பூனை எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்குச் சர்க்கரை நோய். அவிழ்த்துவிட்டால் சில வாரங்களில் இறந்துவிடும். ஆகவே முதல் வழி ஒன்றுதான் மிச்சம். குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பம் அந்த வழியில் எப்படி நடக்க முடிகிறது என்பதை, இதே நிலையில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

சுல்தான் எங்களிடம் வந்த வகை

நாங்கள் காயல்பட்டினத்தில் வசிக்கிறோம். எங்களில் ஒருவர் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார்; மற்றவர் வீட்டிலிருந்தே துணி தைக்கிறார். இரண்டும் சேர்ந்து மாதம் 19,000 ரூபாய். வீடு சொந்தம் என்பதால் வாடகை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வயதான உம்மாவும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் எங்களுடன் இருக்கிறார்கள்.

அடுத்த வீட்டு மாமி தனியாக வாழ்ந்தவர். மஞ்சள் நிறக் கடுவன் பூனை ஒன்றைக் குட்டியிலிருந்து வளர்த்துச் சுல்தான் என்று பெயரிட்டிருந்தார். மாமி நோயில் விழுந்தபோது எங்கள் உம்மாவின் கையைப் பிடித்து, "இவனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். உம்மா "இன்ஷா அல்லாஹ்" என்றார். மாமி வஃபாத்தான மூன்றாம் நாள் சுல்தான் மதில் ஏறி எங்கள் முற்றத்துக்கு வந்தான். ஆறரைக் கிலோ எடை. நடந்தால் வயிறு தரையைத் தொடும்.

சில மாதங்கள் கழித்து ஒரு மாற்றம் தெரிந்தது. உளூ செய்ய நிரப்பி வைக்கும் வாளியில் அவன் ஓயாமல் நீர் குடித்தான். பகலில் குடித்தது போதாமல் தஹஜ்ஜுத் வேளையிலும் வாளியருகே நின்றான். மணல் தட்டு காலையும் மாலையும் நனைந்து கட்டியாகக் கிடந்தது. வைத்த உணவையெல்லாம் தின்றான், ஆனாலும் இளைத்தான். பின்னர் பின்னங்கால்களின் குதிகால் தரையில் பதிய, முயல் உட்கார்ந்து நகர்வதுபோல் நடக்கலானான்.

உம்மாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அவர்தான் முதலில் சொன்னார்: "இது எனக்கு இருக்கிற வியாதிதான்." திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. பூனை பயந்தாலே இரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதால், ஒரு முறை பார்த்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்களாம். முந்தைய சில வாரங்களின் போக்கைக் காட்டும் பிரக்டோசமைன் என்ற பரிசோதனையையும் செய்தார்கள். சந்தேகம் நீங்கியது.

மார்க்கம் எங்களிடம் கேட்டது

செய்தி உறவினரிடையே பரவியபோது வந்த கேள்வி ஒன்றே: "மனிதருக்கே மருந்து வாங்க வழியில்லாத காலத்தில் பூனைக்கு இன்சுலினா?" இக்கேள்வியை நாங்கள் இகழவில்லை. தெருவின் கடைசியில் ஒரு குடும்பம் டயாலிசிஸ் செலவுக்குத் தவிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பூனைக்குச் செலவிடுவது இலேசான காரியம் அல்ல.

எங்கள் முஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம். அவர் உணர்ச்சியைத் தொடாமல் சட்டத்திலிருந்து தொடங்கினார். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன் நூலில், மனைவி மக்களுக்குச் செலவிடும் கடமையைப் பேசும் அதிகாரத்தின் முடிவில் கால்நடைகளின் உணவும் நீரும் இடம்பெறுகின்றன. உரிமையாளர் தீனி தர மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்தலாம். உண்ணத்தக்க பிராணி என்றால் விற்பது, தீனி தருவது, அறுப்பது ஆகியவற்றில் ஒன்றைச் செய்ய வேண்டும். உண்ணத்தகாத பிராணி என்றால் விற்பது அல்லது தீனி தருவது. நோயுற்ற கிழட்டுப் பூனையை யார் வாங்குவார்? ஆகவே எஞ்சியது தீனி தருவது மட்டுமே என்றார் அவர்.

பின்னர் அவர் ஒரு வரம்பும் வைத்தார். ஸகாத்தை இதற்குத் தொடக் கூடாது. அது எட்டு வகையினருக்கு உரியது. ஏழைகளுக்கென ஒதுக்கும் ஸதகாவிலிருந்தும் எடுக்க வேண்டாம். பிள்ளைகளின் உணவையோ உம்மாவின் மருந்தையோ குறைக்க வேண்டாம். உங்கள் சொந்த வசதியிலிருந்து எடுங்கள். அதற்கு மேல் அல்லாஹ் எவரையும் சுமத்துவதில்லை.

இந்த வரம்பு எங்களுக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது. எங்கள் அடுக்களைத் தட்டில் ஏழைகளுக்கான தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதில் விழும் தொகை சுல்தானின் நோய்க்கு முன்பு எவ்வளவோ அவ்வளவே இன்றும் விழுகிறது. உறவினர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் அதுதான். ஏழையின் பங்கிலிருந்து பூனைக்குப் போகவில்லை. எங்கள் மாலைப் பலகாரத்திலிருந்து போகிறது.

அந்நாட்களில் உம்மாவே இன்னொரு யோசனை சொன்னார். அவருக்கு அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. "அதிலேயே இவனுக்கும் கொஞ்சம் போட்டால் என்ன?" நாங்கள் மறுத்துவிட்டோம். அது நோயுற்ற மனிதருக்காகப் பொதுப் பணத்தில் தரப்படுவது. வேறொன்றுக்குத் திருப்ப எங்களுக்கு உரிமை இல்லை. மேலும் அது வேறு வகை இன்சுலின். பூனைக்கு எது, எத்தனை யூனிட் என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

பூனையின் வயிறு நம் வயிறு அல்ல

இந்நோயில் பாதி மருத்துவம் தட்டில் இருக்கிறது. செலவைக் குறைக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்ப் பூனைகள் காலங்காலமாகச் சோறும் பாலும் தின்று வாழ்கின்றன. ஓடித் திரியும் பூனை எலி, பல்லி, வெட்டுக்கிளி என்று தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துக்கொள்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பருத்த கடுவனின் நிலை வேறு. இறைச்சியை மட்டுமே நம்பி வாழும்படி அல்லாஹ் பூனையைப் படைத்திருக்கிறான். மாவுச்சத்தைக் கையாளும் நொதிகள் அதன் கல்லீரலில் குறைவு. இனிப்பை அறியும் சுவை உணர்வே அதன் நாக்கில் இல்லை. சர்க்கரை நோய் கண்ட மனிதருக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். பூனைக்கோ சோறு தேவையே இல்லை.

கடைகளில் கிடைக்கும் உலர் உணவு உருண்டைகளுக்கும் இது பொருந்தும். உருண்டை பிடிக்கவே மாவு வேண்டும். பொட்டலத்தில் மாவுச்சத்தின் அளவை அச்சிடுவதில்லை. ஆனால் நாமே கணக்கிடலாம். புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார், சாம்பல் ஆகியவற்றின் சதவீதத்தைக் கூட்டி 100-இலிருந்து கழித்தால் மீதி மாவுச்சத்து. உதாரணமாக, ஓர் உலர் உணவில் புரதம் 32, கொழுப்பு 12, ஈரம் 10, நார் 3, சாம்பல் 8 என்றால் மொத்தம் 65. மீதி 35 மாவுச்சத்து. ஓர் ஈர உணவுப் பாக்கெட்டில் ஈரம் 84, புரதம் 10, கொழுப்பு 2, நார் 1, சாம்பல் 2 என்றால் மொத்தம் 99. மீதி 1 மட்டுமே. பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் கடையில் நின்றே இக்கணக்கைப் போட்டுவிடுகிறாள்.

ஈர உணவுப் பாக்கெட் நல்லதுதான். ஆனால் நாளொன்றுக்கு மூன்று பாக்கெட் என்றால் மாதம் 4,000 ரூபாயைத் தாண்டும். சர்க்கரை நோய்க்கென்றே இறக்குமதியாகும் உணவின் விலை அதற்கும் மேல். எங்களால் இயலாது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம். வறுமையைச் சொல்வதில் வெட்கம் இல்லை; சொன்னால்தான் மருத்துவரும் வேறு வழி யோசிப்பார். அவர் வீட்டுச் சமையலுக்கு ஓர் ஒழுங்கு எழுதித் தந்தார்.

எங்கள் அடுப்பில் வேகும் உணவு

சுல்தானுக்கு நாளொன்றுக்கு 180 கிராம் இறைச்சி, இரண்டு வேளையாக. முழுவதும் தொடைக்கறியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கோழிக்கடையில் இருதயமும் இரைப்பையும் கறியின் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. இவை மலிவானவை என்பதோடு பூனைக்கு மிக ஏற்றவையும்கூட. டாரின் என்றொரு சத்து பூனைக்கு இன்றியமையாதது. அது குறைந்தால் கண்பார்வையும் இருதயமும் கெடும். கோழியின் இருதயத்திலும் தொடைக்கறியிலும் அது நெஞ்சுக்கறியைவிட அதிகம். கல்லீரலை மட்டும் வாரம் ஓரிரு முறை, சிறு துண்டாகத் தருகிறோம். மிகுந்தால் வைட்டமின் ஏ அளவு மீறிவிடும்.

உப்பு, மிளகாய், மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு; ஆகவே எங்கள் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டைக்கூடக் கொடுப்பதில்லை. குறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரையும் சேர்த்தே வைக்கிறோம். டாரின் நீரில் கரைந்துவிடும் என்பதால் அதை ஊற்றிவிடலாகாது. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். எனவே எலும்பை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, நைசாகப் பொடித்துச் சேர்க்கிறோம். அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி என்று மருத்துவர் அளவு சொன்னார். அவர் எழுதித் தந்த டாரின் கலந்த சத்துப்பொடியும் தினமும் உண்டு. வெறும் இறைச்சி மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும்; இந்தப் பொடியை யாரும் வீண்செலவென்று விட்டுவிடாதீர்கள்.

கடற்கரை ஊரில் வாழ்வது ஒரு பரக்கத். சாளை மலிந்த நாட்களில் வாரம் இரண்டு முறை மீன். முள் எடுத்து, வேகவைத்துத்தான் தருகிறோம். பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. வெந்தால் அது போய்விடும். கருவாடு அறவே இல்லை. அதன் உப்பு ஆகாது. பாலையும் நிறுத்திவிட்டோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. அதிலுள்ள சர்க்கரையும் இந்நோய்க்கு உதவாது.

இந்த மாற்றங்களை ஒரே நாளில் செய்யவில்லை. இரண்டு வாரங்களில் பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். இதற்கு இரு காரணங்கள். பருத்த பூனை புதிய உணவை வெறுத்து இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்னொன்று இதைவிட முக்கியம். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். ஊசியின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றினால் சர்க்கரை தாழ்ந்து பூனை மயங்கிவிடும். உணவை மாற்றும் ஒவ்வொரு படியையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

ஊசியும் தொழுகை நேரமும்

நாய் பூனைகளுக்கென விற்கும் ஒரு வகை இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது என்று அறிந்தோம். வேறு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டோம். மனிதர் பயன்படுத்தும் கிளார்ஜின் பூனைக்கும் நன்கு ஒத்துப்போகும், அது ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படுவது என்றார். கேள்வி அத்துடன் தீர்ந்தது. நம் மக்கள் இத்தகைய ஐயங்களை மனத்திலேயே வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. கேட்டால் வழி பிறக்கும்.

300 யூனிட் கொண்ட ஒரு காட்ரிட்ஜ் 600 ரூபாய் அளவில் கிடைக்கிறது. தொடக்கத்தில் வேளைக்கு 2 யூனிட், நாளுக்கு 4. திறந்தபின் 28 நாள் என்று உள்ளே இருக்கும் தாள் சொல்கிறது. அதற்கு மேல் குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாமா என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் மருத்துவர் இரண்டு மாதம் வரை அனுமதித்தார். கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ உடனே எறிந்துவிட வேண்டும் என்றார்.

ஒரே வீட்டில் மனிதருக்கும் பூனைக்கும் இன்சுலின் இருந்தால் ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் இரு வகை ஊசிகள் விற்கின்றன. சிவப்பு மூடி உள்ளது 40 யூனிட் வகை மருந்துக்கு. ஆரஞ்சு மூடி உள்ளது 100 யூனிட் வகைக்கு. உம்மாவுக்குச் சிவப்பு, சுல்தானுக்கு ஆரஞ்சு. சிவப்பு மூடி ஊசியில் கிளார்ஜினை 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே செல்வது 5 யூனிட். பூனையைக் கொன்றுவிடக்கூடிய அளவு. ஆகவே இரண்டையும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு டப்பாவில் வைத்திருக்கிறோம்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி. எங்களுக்கு அது காலை 6:30, மாலை 6:30. ஃபஜ்ர் தொழுது முடித்த அமைதியில் ஒன்று; மஃரிபை ஒட்டி ஒன்று. முதலில் உணவு, அவன் தின்னத் தொடங்கியபின் முதுகுத் தோலைத் தூக்கி மெல்லிய ஊசி. அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. தின்ன மறுத்த நாளில் ஊசி போடாமல் முதலில் மருத்துவரை அழைக்கிறோம்.

ரமளான் மாதத்தில் மாலை ஊசியும் இஃப்தாரும் ஒன்றாக வந்தன. பாங்கு சொன்னதும் உம்மா ஒரு பேரீச்சம்பழம் வாயில் போட்டு, ஒரு மிடறு நீர் குடித்துவிட்டுச் சுல்தானின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவன் வேளை தவறக்கூடாது என்பதில் எங்களைவிட அவருக்கே கண்டிப்பு அதிகம். வேளை தவறினால் உடல் என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும்.

சர்க்கரை தாழ்ந்தால் பூனை தள்ளாடும், பலவீனமாகச் சாயும், வலிப்பும் வரலாம். வீட்டில் தேன் எப்போதும் இருக்க வேண்டும். சிறிது தேனை ஈறுகளில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. அதுபோலவே உணவை வெறுத்து வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாலும் அன்றே மருத்துவமனை. மறுநாள்வரை பொறுப்பது ஆபத்து.

வரவும் செலவும்

கணக்கு எழுதுபவர் வீட்டில் இருப்பதால் ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் உண்டு. கோழி, மீன், முட்டை 1,000. சத்துப்பொடி 150. இன்சுலின் 300. ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் ஊசிகள் அறுபது, 420. உம்மாவின் குளுக்கோமீட்டருக்கு வாங்கும் ஸ்ட்ரிப்பில் கூடுதலாக 250. மொத்தம் 2,120 ரூபாய். எங்கள் வருமானத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். மருத்துவர் அதை மனத்தில் வைத்தே எங்கள் குறிப்பைப் படிக்கிறார்.

இத்தொகை வந்த வழியையும் சொல்லிவிடுகிறோம். மாலையில் கடையிலிருந்து வந்த வடையும் சம்சாவும் வாரம் ஆறு நாளிலிருந்து இரண்டு நாளாயின, அதில் 700. தையலில் மாதம் இரண்டு சுடிதார் கூடுதல், அதில் 800. கைபேசிக் கட்டணத்தையும் பெட்ரோலையும் சுருக்கியதில் 400. மிச்சம் 220 ரூபாய் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு வழியில் ஈடாகிவிடுகிறது. எந்த மாதமும் கடன் வாங்கவில்லை.

சிரமம் பணத்தில் மட்டும் இல்லை. பூனையின் எச்சில் தூய்மையானது. அதன் சிறுநீர் நஜீஸ். நோயின் தொடக்கத்தில் சுல்தான் மணல் தட்டை அடைவதற்குள் வழியிலேயே நனைத்துவிடுவான். தொழும் அறையின் கதவை மூடி, விரிப்புகளைச் சுருட்டி உயரத்தில் வைத்து, தரையை நாளுக்கு இரண்டு மூன்று முறை நீர் விட்டுக் கழுவினோம். இதில் சலிப்பு ஏற்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும். வாக்குவாதமும் நடந்திருக்கிறது. உணவு மாறி, ஊசி ஒத்துக்கொண்ட பிறகு அவன் நீர் குடிப்பது குறைந்தது; சிறுநீரும் குறைந்தது; வீடு பழைய நிலைக்கு வந்தது.

தெரு, கடைத்தெரு என்று எங்கு போனாலும் கேட்கிறார்கள்: "இன்னும் எத்தனை நாள்?" எங்களுக்குத் தெரியாது. நோய் கண்ட சில மாதங்களுக்குள் முறையான உணவும் இன்சுலினும் தொடங்கிவிட்டால், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு என்று மருத்துவர் சொல்கிறார். ஐந்து மாதம் ஆகிறது. 2 யூனிட் இப்போது 1 யூனிட்டாகியிருக்கிறது. எடை நான்கே முக்கால் கிலோவில் நிற்கிறது. பின்னங்கால் முழுவதும் நிமிரவில்லை. ஆனால் மதில் ஏறுகிறான். மாமியின் பூட்டிய வாசற்படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, உணவு வேளைக்குத் திரும்பிவிடுகிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

கபிஷா பின்த் கஅப் (ரலி) அவர்கள் தம் மாமனார் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்ய நீர் எடுத்து வைத்தபோது ஒரு பூனை வந்து குடிக்க முயன்றதும், அபூகதாதா (ரலி) பாத்திரத்தை அதற்கு வசதியாகச் சாய்த்துக் கொடுத்ததும் முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளன. கபிஷா (ரலி) வியப்புடன் பார்த்தபோது, பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வருகின்றவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அவர் எடுத்துரைத்தார். நம்மைச் சுற்றி வருவது என்றால் நம் வீட்டு மனிதரோடு வைத்து எண்ணப்படுவது என்றே எங்களுக்குப் படுகிறது. உளூ நீரில் வாய் வைத்த சுல்தானை நாங்கள் ஒருநாளும் விரட்டவில்லை. அந்த வாளியருகில்தான் அவன் நோயும் எங்களுக்குத் தெரியவந்தது.

உங்கள் வீட்டுப் பூனை வழக்கத்துக்கு மாறாக அதிகம் நீர் குடித்தால், தின்றும் இளைத்தால், குதிகால் பதிய நடந்தால், அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அதற்குள் மாவு உணவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஆனால் ஊசியைத் தாமாகத் தொடங்காதீர்கள். பூனை வளர்க்க எண்ணும் பிள்ளைகளிடம், அது ஒரு நாள் நோயுறும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இயலாத குடும்பத்தை யாரும் பழிக்க வேண்டாம். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்தால் ஒரு காட்ரிட்ஜின் விலை ஆளுக்கு 150 ரூபாய்தான்.

ஈரமான ஈரலுள்ள ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் கூலி உண்டு என்பது நம் நபியின் (ஸல்) வாக்கு. அந்தக் கூலியில் மாமிக்கும் பங்கு கிடைக்க வேண்டுமென்று துஆ செய்யுங்கள். பூனையை ஒப்படைத்துவிட்டுப் போனவர் அவர்தான். அவருடைய கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் பொறுப்பில் வந்த உயிர்களை இறுதிவரை பேணும் தெம்பையும், அதற்குப் போதுமான ஹலாலான ரிஸ்கையும் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.